கொடுக்க உரியவர் யார்?

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியின் அடியில் மூன்று தடித்த நோட்டுகள் இருக்கின்றன. என் தந்தையார் உபதேசியாராகப் பணியாற்றிய கடலோர ஊர்களில், பங்குத் திருவிழா முடிந்த பின்னிரவுகளில் ஆடப்பெற்ற வாசாப்பு ஒன்று அவற்றில் எழுதப்பட்டுள்ளது. வேட்டைக்குச் சென்ற படைத்தலைவன் ஒருவன் மானின் கொம்புகளுக்கிடையே சிலுவையைக் கண்டு மனம் மாறிய கதை. புனித எஸ்தாக்கியாரின் கதை. இரண்டு இரவுகள் ஆடும் அளவுக்கு நீளமானது. தந்தையார் 1984-இல் இறைவனடி சேர்ந்தார். அதன்பின் எப்போதாவது யாரேனும் வந்து கேட்பார்கள். நோட்டுகளை எடுத்துக் காட்டுவோம். மீண்டும் காய்ந்த வேப்பிலையோடு உள்ளே வைத்து மூடிவிடுவோம்.

சென்ற ஆண்டு ஓர் இளைஞர் வந்தார். பழைய தமிழ் நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் கணினியில் ஏற்றிப் பலருக்கும் கிடைக்கச் செய்யும் பணியில் ஊதியமின்றி ஈடுபட்டிருப்பவர். நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார்; மகிழ்ந்து கொடுத்தோம். புறப்படும் வேளையில் ஒரு தாளை நீட்டி, “ஐயா, இதில் நீங்கள் கையொப்பமிட்டால்தான் நாங்கள் வெளியிட முடியும்” என்றார். படித்துப் பார்த்தேன். இந்தப் படைப்பைத் திறந்த உரிமத்தின் கீழ் வெளியிடச் சம்மதிக்கிறோம் என்று அதில் இருந்தது. கையிலெடுத்த பேனாவை நான் கீழே வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன் என்பதை எண்ணிப் பார்க்கும் முயற்சிதான் இக்கட்டுரை.

திறந்த உரிமம் என்பது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஒரு நூலை எழுதிய கணமே, அவர் கேளாமலேயே, சட்டம் அதைச் சுற்றி ஒரு வேலி எழுப்பிவிடுகிறது. படியெடுக்க, அச்சிட, மொழிபெயர்க்க, மேடையேற்ற, எதற்கும் அவர் இசைவு வேண்டும். இந்த வேலிக்குப் பதிப்புரிமை என்று பெயர். திறந்த உரிமம் வேலியைப் பிடுங்கி எறிவதன்று, வேலியில் ஒரு வாயில் திறந்து, “இன்னின்ன முறைமைக்கு உட்பட்டு எவரும் வரலாம், என்னைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை” என்று எழுதித் தொங்கவிடுவது. உரிமை ஆசிரியரிடமே இருக்கிறது. அனுமதி மட்டும் முன்கூட்டியே, முகமறியாத அனைவருக்கும் வழங்கப்படுகிறது.

இந்த எண்ணம் முதலில் கணினி நிரல் எழுதுவோரிடையே தோன்றியது. பின்னர் அமெரிக்காவில் ஒரு வழக்கின் நிழலில் ஏனைய படைப்புகளுக்கும் பரவியது. எரிக் எல்ட்ரெட் என்பவர் உரிமைக் காலம் முடிந்த பழைய நூல்களை இணையத்தில் இலவசமாக வெளியிட்டு வந்தார். 1998-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் பதிப்புரிமைக் காலத்தை மேலும் 20 ஆண்டுகள் நீட்டியது. பொதுவுக்கு வரவேண்டிய நூல்கள் வாசலிலேயே நிறுத்தப்பட்டன. எல்ட்ரெட் வழக்காடினார். அவருக்காக வாதாடிய சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெசிக் 2003 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். ஆனால் அதற்கு முன்னரே, 2001-இல், அவரும் நண்பர்களும் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்ற அமைப்பை நிறுவி, 2002 டிசம்பரில் முதல் உரிமங்களை வெளியிட்டிருந்தனர். சட்டம் வேலியை உயர்த்தினால் உயர்த்தட்டும், வாயிலைத் திறக்கும் சாவி உரிமையாளரிடமே இருக்கிறதல்லவா என்பது அவர்கள் வழி.

நம் நாடும் இவ்வகையில் பின்தங்கியதன்று. இரவீந்திரநாத் தாகூர் 1941-இல் மறைந்தார். அன்றைய விதிப்படி ஆசிரியர் இறந்தபின் 50 ஆண்டுகள். ஆகவே 1991 முடிவில் அவர் எழுத்துகள் பொதுவாகியிருக்க வேண்டும். அந்நேரத்தில் உரிமைக் காலம் 60 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. தாகூருக்காகத் திருத்திய சட்டம் என் தந்தையாருக்கும் பொருந்துகிறது! அவருடைய வாசாப்பின் உரிமை 2044-ஆம் ஆண்டு இறுதிவரை அவர் பிள்ளைகளாகிய எங்கள் ஐவருக்கும் உரியது. தம் வாழ்நாளில் அந்த நாடகத்தால் அவர் பெற்ற வருவாய், ஒரு திருவிழாவில் போர்த்திய பொன்னாடையும், ஒரு முறை ஊரார் கொடுத்த ஒரு மூட்டை நெல்லும். அது கிடக்கட்டும்.

நான் பேனாவைக் கீழே வைத்ததற்கு முதற்காரணம் பழைய காயம் ஒன்று. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கத்து நகரத்தில் ஒரு சிறு நூல் வெளிவந்தது. அட்டையில் வேறொருவர் பெயர். உள்ளே பாதிக்கு மேல் எங்கள் தந்தையாரின் பாட்டுகள். அவர் வைத்திருந்த பிழைகள்கூட அப்படியே இருந்தன. என் அண்ணன் கொதித்தார். வழக்கறிஞர் ஒருவரைக் கலந்தோம். வழக்கு நிற்கும் என்றார். நாங்கள் தொடுக்கவில்லை. ஆனால் மறக்கவுமில்லை. பிற்பாடு, நாங்கள் பெயர்கூடக் கேட்டிராத ஓர் உள்நாட்டுச் சிற்றூரில் அந்த நூலை வைத்துக்கொண்டு எஸ்தாக்கியார் நாடகத்தை ஆடினார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குள் இரண்டு உணர்ச்சிகள் ஒருங்கே எழுந்தன. அப்பாவின் பாட்டு அங்கே கேட்டதே என்ற பூரிப்பு ஒன்று. அப்பாவின் பெயர் அங்கே கேட்கவில்லையே என்ற எரிச்சல் மற்றொன்று. எந்த உணர்ச்சி உயர்ந்தது என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை.

படியெடுத்தல் பற்றிய சண்டை புதிதன்று. அயர்லாந்துப் புனிதர் கொலும்பாவைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. ஆறாம் நூற்றாண்டில் அவர் தம் ஆசான் பின்னியனிடமிருந்த திருப்பாடல் ஏட்டை, அவர் அறியாமல், இரவுகளில் அமர்ந்து படியெடுத்தாராம். ஆசான் அறிந்து படியைக் கேட்டார், மாணவர் மறுத்தார். வழக்கு அரசர் தியர்மத்திடம் சென்றது. பசுவுக்குரியது அதன் கன்று, ஏட்டுக்குரியது அதன் படி என்று அரசர் தீர்ப்பளித்தார். சினம் மூண்டு, 561-ஐ ஒட்டி ஒரு போர் நிகழ்ந்து, பலர் மடிந்ததாகவும், அந்தக் குற்ற உணர்வோடு கொலும்பா 563-இல் கடல் கடந்து அயோனாத் தீவுக்குச் சென்றதாகவும் கதை முடிகிறது. ஏட்டுச் சண்டைப் பகுதி மிகப் பிற்காலத்தவர் எழுதிவைத்தது; வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று பிரிப்பது கடினம். அந்தப் படி என்று மரபு சொல்லும் திருப்பாடல் ஏடு ஒன்று டப்ளினில் அயர்லாந்து அரசக் கழகத்தில் இன்றும் இருக்கிறது.

மனுநீதிச் சோழனின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்குப் பசுவும் கன்றும் என்றதும் அரசர் பக்கமே மனம் சாயும். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் அந்த உவமை பிழையானது என்பது தெரியும். கன்றைப் பிரித்தால் பசு கதறும். படியெடுத்தால் ஏடு கதறுவதில்லை. பின்னியனின் ஏடு முன்னிருந்தபடியே, ஓரெழுத்தும் குறையாமல், அவர் பேழையில் இருந்தது. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றியதைத் திருட்டு என்பதா? கொலும்பாவின் தரப்பு இதுதான். இன்று திறந்த உரிமத்தைப் போற்றுவோர் கூறுவதும் பெரும்பாலும் இதுவே.

இதன் வலிமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத ஏடுகள் அவற்றில் இருந்தன. பூட்டிக் காத்ததெல்லாம் ஒரே இரவில் போயிற்று. 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற ஈழத்தமிழ் இணைய நூலகம் எழுத்தாளர்களிடமும் பதிப்பாளர்களிடமும் அனுமதி பெற்று நூல்களைப் படியெடுத்து எல்லார்க்கும் திறந்துவைப்பதன் பின்னே அந்தத் தீயின் நினைவும் இருக்கிறது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் உலகெங்கும் சிதறியிருந்த தமிழன்பர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் தட்டச்சு செய்து தந்த உழைப்பால் எழுந்ததே. எங்கள் வீட்டு நோட்டுகளுக்கு எதிரி திருடனல்லன், கறையான். இதை அந்த இளைஞர் நயமாகச் சொன்னார், நான் ஒப்புக்கொண்டேன்.

ஆயினும் கொலும்பாவின் கதையில் யாரும் கேளாத கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த ஏட்டை முதலில் எழுதியவர் யார்? தோலைப் பதப்படுத்தியவர் யார்? மை கூட்டியவர் யார்? ஆசானும் மாணவரும் அரசரும், ஏற்கெனவே யாரோ உழைத்து முடித்த ஒன்றின்மேல் நின்றுதான் வழக்காடினார்கள்.

அறிவைப் பகிர்வதா, விற்பதா என்ற வினாவோடு இடைக்காலத் திருச்சபை நெடுங்காலம் மல்லாடியது. அறிவு கடவுளின் கொடை, ஆகவே அதை விலைக்கு விற்கலாகாது என்ற கோட்பாடு அன்றைய சட்ட அறிஞர்களிடையே வழங்கியது. அப்படியானால் ஆசிரியர் உண்பது எப்படி? அவர் விற்பது அறிவையன்று, தம் உழைப்பை. அதற்குக் கூலி பெறலாம் என்று ஒரு விடை கண்டார்கள். மற்றொரு விடை இன்னும் நடைமுறைக்கு ஏற்றது. 1179-இல் கூடிய மூன்றாம் லாத்தரன் பொதுச்சங்கம், ஒவ்வொரு தலைமைப்பேராலயத்திலும் ஓர் ஆசிரியருக்கு வாழ்வூதியம் ஒதுக்கி, குருத்துவ மாணவருக்கும் ஏழை மாணவருக்கும் இலவசமாகக் கற்பிக்கச் செய்ய வேண்டும் என்று விதித்தது. கற்பிக்க அனுமதி வழங்குவதற்குக் கட்டணம் பெறுவதையும் தடைசெய்தது. நுணுகிப் பார்த்தால் இங்கே எதுவும் ‘சும்மா’ வரவில்லை. மாணவனிடம் கை நீட்டாதிருக்க வேண்டுமானால் ஆசிரியன் வயிற்றுக்கு முன்னரே வழி செய்திருக்க வேண்டும் என்று அந்தச் சங்கத்தார் அறிந்திருந்தனர். மத்தேயு நற்செய்தியில் ஆண்டவர் பன்னிருவரை அனுப்பும்போது, கொடையாகப் பெற்றதைக் கொடையாகவே கொடுக்கச் சொல்லும் கட்டளையும், வேலையாள் தன் உணவுக்கு உரிமையுடையவன் என்ற சொல்லும் இரண்டே வசன இடைவெளியில் நிற்கின்றன. நாம் வசதிக்கேற்ப ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

இந்த இரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற முயலும் பதிப்பகம் ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. பெங்களூரைச் சேர்ந்த ‘பிரதம் புக்ஸ்’ 2004-இல் தொடங்கியது, இலாப நோக்கமற்றது, குழந்தைகளுக்கான கதைநூல்களைக் குறைந்த விலையில் இந்திய மொழிகள் பலவற்றில் வெளியிடுவது. சில ஆண்டுகளில் ஓர் உண்மை அவர்களுக்குப் புலப்பட்டது. எத்தனை நூல் அச்சிட்டாலும் இத்தனை மொழி பேசும், இத்தனை கோடிக் குழந்தைகளின் கைக்கு ஒரு பதிப்பகத்தால் போய்ச் சேர முடியாது. ஆகவே தங்கள் கதைகளைத் திறந்த உரிமத்தில் விடத் தொடங்கினார்கள். 2015-இல் ‘ஸ்டோரிவீவர்’ என்ற இணையத் தளத்தை அமைத்து, கதையையும் ஓவியத்தையும் எவரும் இறக்கிக்கொள்ளலாம், தம் மொழியில் பெயர்க்கலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம் என்று அறிவித்தார்கள். ஒரே நிபந்தனை: எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர், வெளியிட்டவர் பெயர்களைச் சொல்ல வேண்டும். பெரிய பதிப்பகங்கள் திரும்பிப் பாராத பழங்குடி மொழிகளிலும் குழந்தைகளுக்குக் கதைநூல் கிடைத்தது இதனால்தான். தமிழிலும் ஏராளமான கதைகள் உள்ளன. திண்ணைப் பள்ளி நடத்தும் நம் துறவியர் பலருக்கு இது தெரிந்திருந்தால் நன்று. ஆனால் இந்தத் தாராளம் தானாக நிகழவில்லை. கொடையாளர்களின் நிதி அதைத் தாங்குகிறது. லாத்தரன் சங்கத்தின் ஏற்பாடு வேறு உடையில் வந்ததென்றே எனக்குத் தோன்றுகிறது.

கொடையாளர் இல்லாத எழுத்தாளன் என்ன செய்வான்? எழுத்தையே நம்பிய குடும்பம் என்ன செய்யும்? பாரதியை நினைத்துக்கொள்வோம். அவர் 1921-இல் மறைந்தபோது அவருடைய எழுத்துரிமையைத் தவிரக் குடும்பத்துக்குப் பெரிய ஆதாரம் இருக்கவில்லை. அந்த உரிமைகள் சிதறிக் கைமாறின. பாட்டுகளை இசைத்தட்டில் பதியும் உரிமை ஒரு நகை வணிகரிடம் போய், அவரிடமிருந்து படத்தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பனிடம் வந்தது. நாட்டு விடுதலையைப் பாடியவரின் பாட்டைப் பாட ஒருவரிடம் உத்தரவு கேட்க வேண்டியிருந்தது. மக்களும் எழுத்தாளர்களும் குரலெழுப்ப, சென்னை மாகாண அரசு 1949-இல் உரிமைகளைத் தன்வசம் பெற்று, கவிஞரின் மனைவிக்கும் மகள்களுக்கும் தொகை வழங்கியது. 1955-இல் அவர் எழுத்துகள் எல்லார்க்கும் பொதுவாக்கப்பட்டன. அரசு தலையிடாதிருந்தால் 1971 முடியும்வரை காத்திருக்க நேர்ந்திருக்கும். பின்னர் தமிழக அரசு எத்தனையோ ஆசிரியர்களின் நூல்களை, மரபுரிமையருக்குப் பரிவுத்தொகை கொடுத்து, நாட்டுடைமையாக்கியிருக்கிறது. உலகில் பிற இடங்களில் அரிதான நற்பணி இது.

இதற்கும் திறந்த உரிமத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நாட்டுடைமையில் கொடுப்பது அரசு; விலை தந்து வாங்கிக் கொடுக்கிறது. திறந்த உரிமத்தில் கொடுப்பவர் படைத்தவரே. தம் உழைப்பின் விலையைத் தாமே ஏற்றுக்கொண்டு கொடுக்கிறார். ஆகவேதான் அது கொடை. ஆகவேதான் பிறர் அவரை அதற்கு நெருக்குவது தகாது. ‘நல்ல காரியத்துக்குத்தானே’ என்று சொல்லி ஒருவர் உழைப்பை நாம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம் பங்குகளிலும் இல்லாமலில்லை. பாடற்குழுக்கள் பாடல் நூல்களை ஒளிநகல் எடுத்துக் கட்டிவைத்திருக்கின்றன. பல பாடல்களின் கீழே எழுதியவர் பெயருமில்லை, இசையமைத்தவர் பெயருமில்லை. கடவுளுக்காகச் செய்தவர் பெயரை எதிர்பார்க்கலாமா என்று கேட்போர் இருக்கிறார்கள். அவர் எதிர்பாராதிருக்கலாம், அது அவர் பெருந்தன்மை. நாம் சொல்லாதிருப்பது நம் பெருந்தன்மை ஆகாது.

என் தயக்கத்தின் வேர் இங்கேதான் இருந்தது. அந்தத் தாளில் கையொப்பமிட்டால் நான் கொடுப்பவன் ஆவேன். ஆனால் கொடுக்கப்படுவது என் உழைப்பன்று.

ஐவரும் ஒப்பினால்தான் அனுமதி செல்லும் என்பதால், கல்லறைத் திருநாளுக்கு ஊரில் கூடியபோது பேசினோம். இளைஞரும் வந்து விளக்கினார். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் ஆறு வகை. ஆறிலும் பெயர் குறிப்பிடும் கடமை பொது. அதற்குமேல் வணிகத்துக்குப் பயன்படுத்தலாகாது என்று சேர்க்கலாம். மாற்றியமைத்து வெளியிடலாகாது என்று சேர்க்கலாம். அல்லது, மாற்றியமைப்பவர் தாம் செய்ததையும் இதே முறையில் திறந்துவைக்க வேண்டும் என்று சேர்க்கலாம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது. நாம் வெளியிடுவதை நிறுத்திக்கொள்ளலாம். அதற்குள் பெற்றுக்கொண்டவர்களின் உரிமை நிலைத்திருக்கும்.

“அப்பா காசு வாங்காமல் எழுதியது. எவனும் இதை விற்கக்கூடாது. அதை மட்டும் போட்டுவிடுங்கள்” என்றார் அக்கா.

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் இளைஞர் ஒரு செய்தியைச் சுட்டினார். வணிகம் கூடாது என்று எழுதினால், கூலி பெற்று ஆடும் கூத்துக் குழுவினர் நாடகத்தைத் தொடத் தயங்குவார்கள். ஓர் இரவு ஆட்டத்துக்கு அவர்கள் வாங்கும் தொகை வேன் வாடகைக்கும் மிருதங்கக்காரருக்கும் ஆர்மோனியக்காரருக்குமே சரியாகிவிடும். ஆயினும் சட்டத்தின் கண்ணில் அதுவும் பணம் பெறுவதுதான். சிறு பதிப்பாளர் ஒருவர் அடக்க விலைக்கு மேல் பத்து ரூபாய் வைத்து அச்சிட்டாலும் அவ்வாறே. பெரும் நிறுவனத்தைத் தடுக்கப் போட்ட தாழ்ப்பாள் அண்ணாவியாரைத்தான் வெளியே நிறுத்தும் போலும். அக்கா உடனே ஒப்பவில்லை. “அப்படியானால் அன்றைக்குப் புத்தகம் போட்டானே, அவனுக்கும் இதே உரிமையா?” என்று கேட்டார். அவருக்கும்தான். பெயரைச் சொல்லிவிட்டுப் போடலாம். அக்கா நெடுநேரம் பேசாதிருந்தார்.

அண்ணனின் அச்சம் வேறு. பாட்டை மாற்றி, புனிதர் கதையைக் கேலிக்கூத்தாக்கிவிட்டால்? மாற்றியவர் மாற்றத்தைச் சுட்ட வேண்டும். நாம் விரும்பாவிட்டால் அப்பாவின் பெயரை அதிலிருந்து நீக்கும்படி கேட்கலாம் என்று உரிமம் சொல்கிறது. அவ்வளவுதான் பாதுகாப்பு. இங்கே நான் குறுக்கிட வேண்டியிருந்தது. மாற்றத்தை நாங்கள் தடுப்பதில் ஒரு முரண் இருந்தது. தந்தையாரே தம் நாடகத்தை வெறுங்கையிலிருந்து உண்டாக்கவில்லை. அவருக்குத் தாளம் சொல்லிக்கொடுத்த முதிய அண்ணாவியார் ஒருவர் பாடிவந்த எஸ்தாக்கியார் பாட்டுகளைக் கேட்டு, பிடித்ததை வைத்து, பிடிக்காததை நீக்கி, தம்முடையதைச் சேர்த்து எழுதியதே இது. மெட்டுகளில் பெரும்பாலானவை அதற்கும் முந்தியவை. அந்த அண்ணாவியார் எவரிடம் பெற்றாரோ? மாற்றியமைக்கும் உரிமை மறுக்கப்பட்டிருந்தால் எங்கள் பெட்டியில் நோட்டே இருந்திராது. பழைய கூத்து மரபில் எழுதப்படாத திறந்த உரிமம் ஒன்று இருந்ததெனலாம். குறை ஒன்றே: அதில் பெயர் சொல்லும் விதி இல்லை. அண்ணாவியாரின் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

கடைசியில் இரண்டு நிபந்தனைகளோடு கொடுப்பதென்று முடிவாயிற்று. பெயர் சொல்ல வேண்டும்; மாற்றியமைப்போர் தம்முடையதையும் இவ்வாறே பிறருக்குத் திறந்துவைக்க வேண்டும். விற்பதைத் தடுக்கவில்லை. அக்கா, “சரி, எழுதுங்கள்” என்றார். முகத்தில் முழுச் சம்மதம் இல்லை. அவர் பங்கையும் சேர்த்து நாங்கள் தாராளமாக இருக்கிறோமோ என்ற உறுத்தல் எனக்கு இன்னும் தீரவில்லை.

தாளை நிரப்பத் தொடங்கினோம். படைப்பின் பெயர், எழுதப்பட்ட காலம், அடுத்து, ஆசிரியர் பெயர். அண்ணன் தந்தையாரின் பெயரை எழுதப்போனபோது, முதல் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த என் தங்கை, “இது அம்மாவின் கையெழுத்தல்லவா?” என்றாள்.

எங்களுக்குத் தெரியாததன்று. சிறுவயதில் பார்த்திருக்கிறோம். தந்தையார் நடந்துகொண்டே பாடுவார். அம்மா அரிக்கன் விளக்கருகே அமர்ந்து எழுதுவார். இடையிடையே, “இந்த அடி தாளத்தில் நிற்கவில்லை” என்று சொல்வதுண்டு, அவர் மாற்றுவார். சில நேரம் மாற்றுச் சொல்லை அம்மாவே கொடுப்பார். மூன்று நோட்டுகளில் இரண்டு முழுவதும் அவர் கைப்பட எழுதியவை. அடித்துத் திருத்திய இடங்களில் எது அவர் சொல், எது அம்மாவின் சொல் என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. எழுதிக்கொடுத்தவர் சட்டப்படி ஆசிரியராகமாட்டார் என்று இளைஞர் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஊரும் நாடகத்தை ‘உபதேசியார் வாசாப்பு’ என்றே அழைத்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக, அப்பாவின் பெயரை ஒருவர் மறைத்துவிட்டார் என்று குமுறிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்.

அந்தத் தாளில் ஆசிரியர் பெயருக்கு ஒரே ஒரு வரிதான் விட்டிருந்தார்கள். அண்ணன் எழுத்தைச் சிறிதாக்கி இரண்டு பெயர்களையும் அந்த வரிக்குள் எழுதினார். அக்கா பேனாவை வாங்கி, அதன் கீழே, வரிக்கு வெளியே, ‘பழைய பாட்டுகளைத் தந்த அண்ணாவியார்’ என்று சேர்த்துவிட்டு முதல் கையொப்பத்தை இட்டார்.